ஓவியங்களும் அவற்றைத் தாங்கும் சுவர்களும் – சஃபேத் நகரில் ஒரு நடை



2024ஆம் ஆண்டில் இஸ்ரேல் – லெபனான் எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் மாலை என் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. அவள் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். சஃபேத் என்னும் ஊரின்மீது ஏவுகணைகள் விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தாளாம். "டீச்சர், நீங்க பிரைமரி ஃபைவ்ல எங்களுக்குப் படம் காட்டினீங்களே, அந்த நீலக் கதவு ஊர்தானே இது? அந்த மெத்தை வீடு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தாள்.

எனக்கா ஞாபகம் இருக்காது! அந்த வீட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று 2019 முதலே எண்ணியிருந்தேன். எண்ணியதோடு சரி. எழுத உட்காரும்போதெல்லாம் ஏதோ ஒரு தயக்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தயக்கத்தின் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் ஊரைக் காட்டிவிடுகிறேன்.

2019 டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில், என் சின்னம்மாவுக்குத் துணையாக, அவருடைய தேவாலயக் குழுவினரோடு இஸ்ரேல் சென்றேன். எருசலேம், பெத்லகேம், நாசரேத்து என்று விவிலிய ஊர்களையெல்லாம் பார்த்து முடித்து, கலிலேயாக் கடலோரத்தில் தங்கியிருந்தோம். அங்கிருந்து ஒரு நாள் பேருந்தில் மலையேறினோம். கலிலேயாக் கடல் என்பது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. அது கடல்மட்டத்திற்கும் 200 மீட்டருக்கு மேல் தாழ்வாக இருக்கிறது. சஃபேத் நகரோ ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே சிறிது நேரப் பயணத்திலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். காது அடைத்துக்கொண்டது. மேலே போய் இறங்கினால் குளிர் காற்றும் தூறலும்!

குழுவினருக்கு இவ்வூரின்மீது அவ்வளவு ஆர்வம் இல்லை. விவிலியக் கதை எதுவும் இங்கு நடந்ததாகச் சொல்லப்படவில்லை என்பதே காரணம். வழிகாட்டி எங்களுக்கு மூன்று மணி நேரம் விட்டார். பெரும்பாலோர் எருசலேம் வீதி என்னும் கடைத்தெருவில் ஒரு காப்பிக் கடைக்குள் புகுந்துகொண்டனர். "எனக்கு முட்டி வலிக்குது, நான் இங்கேயே உட்கார்ந்துக்கிறேன். நீ போய்ப் பார்த்துட்டு வாம்மா" என்று சின்னம்மா விடை கொடுத்தார். குடையும் வரைபடமுமாக நான் தனியே நடந்தேன்.

யூதர்கள் எருசலேம், எப்ரோன், திபேரியா, சஃபேத் ஆகிய நான்கையும் தங்கள் திருநகரங்கள் என்பர். எபிரேய மொழியில் இவ்வூர் ட்ஸ்ஃபாத், அரபு மொழியில் ஸஃபத். மற்ற மூன்றின் புனிதமும் மிகப் பழைமையானது. சஃபேத்தின் புனிதம் அப்படியன்று. அது அகதிகளால் வந்தது. 1492இல் ஸ்பெயின் நாடு தன் யூதக் குடிமக்களை நாட்டைவிட்டு வெளியேற்றியது. பல திசைகளிலும் அலைந்த அவர்களுள் ஒரு பகுதியினர், 1516இல் துருக்கிய உஸ்மானியர் வசமான இந்த மலையூருக்கு வந்து சேர்ந்தனர். கம்பளி நெசவு செழித்தது. கூடவே கல்வியும் செழித்தது. யூதர்களின் வாழ்க்கை நெறிகளைத் தொகுத்த யோசேப்பு காரோ, ஸ்பெயினின் தொலேதோ நகரில் பிறந்தவர். 1563இல் தம் பெருநூலை இங்கேதான் முடித்தார். கப்பாலா எனப்படும் மறைஞான நெறிக்குப் புது வடிவம் கொடுத்த ஐசக் லூரியா 1570இல் இங்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில், 38ஆம் வயதில் காலமானார். அவ்விரண்டு ஆண்டுகளின் பேச்சுத்தான் இன்றளவும் உலகெங்கும் பயிலப்படுகிறது. அவர் தம் கருத்துகளைப் பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை. மாணவர்கள் எழுதி வைத்தார்கள்! வகுப்பில் நாம் சொல்வதை எழுதிக்கொள்ளாத பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைதோறும் உலகெங்கும் உள்ள யூதத் தொழுகைக் கூடங்களில், ஓய்வுநாளை மணப்பெண்ணாக உருவகித்து வரவேற்கும் பாடல் ஒன்று பாடப்படுகிறது. அதனை இயற்றிய சாலமோன் அல்கபேத்ஸ் சஃபேத் நகரத்தார். அப்பாடலின் கண்ணிகளுடைய முதலெழுத்துகளை வரிசையாகக் கூட்டினால் அவருடைய பெயர் வந்துவிடும். யாப்பு படித்தவர்களுக்கு இத்தகைய வேலைப்பாடு புதிதன்று.

தமிழாசிரியர் என்ற முறையில் என்னை நிறுத்திவைத்த செய்தி மற்றொன்று. 1577இல் இங்கு ஓர் எபிரேய அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. விவிலியத்தின் எஸ்தர் நூலுக்கான ஓர் உரை அங்கு முதலில் அச்சேறியது. 'ஆசியாவின் முதல் அச்சுக்கூடம்' என்று பெருமையோடு எழுதுவோர் உண்டு. அது பிழை. கோவாவில் 1556இலேயே போர்த்துக்கீசியர் அச்சுப்பொறியை நிறுவிவிட்டனர். சீனர்களையும் கொரியர்களையும் பற்றியோ சொல்லவே வேண்டா. ஆயினும் அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1577. அதற்கு அடுத்த ஆண்டு, 1578 அக்டோபரில், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாகி வெளிவந்தது. வெறும் பதினாறு பக்கம். இரண்டு பழம்பெரும் மொழிகள், ஒன்றையொன்று அறியாமல், அடுத்தடுத்த ஆண்டுகளில் அவ்வவ்விடத்து அச்சுக்கூடத்து வாசற்படியை மிதித்திருக்கின்றன. அங்கேயே ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

சரி, நடையைத் தொடர்வோம். எருசலேம் வீதியிலிருந்து மலைச்சரிவில் நீண்ட கற்படிக்கட்டு ஒன்று இறங்குகிறது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் அமைக்கப்பட்டது. மேலே அவர்களுடைய பழைய காவல் நிலையம். அதன் சுவரில் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த தழும்புகள் இன்னும் இருக்கின்றன. ஏதோ ஊராருக்கு வசதியாக இருக்கட்டும் என்று கட்டிய படிக்கட்டென்று எண்ணிவிடாதீர்கள். அது ஓர் எல்லைக்கோடு. இறங்கும்போது வலப்புறம் யூதர் குடியிருப்பு, இடப்புறம் அரபியர் குடியிருப்பு. மேலிருந்து பார்த்தால் காவலருக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் வலப்புறம் சென்றேன். ஒடுக்கமான சந்துகள். கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் நீலம் பூசியிருக்கிறார்கள். வானத்தையும் அதன்வழி இறைவனையும் நினைவூட்டுவதாம். தீய கண் படாதிருக்க என்றும் சொல்கின்றனர். தொழுகைக் கூடங்களுக்கு இடையிடையே சிறுசிறு கலைக்கூடங்கள். வெள்ளிப் பொருள், மெழுகுவத்தி, கப்பாலாக் குறியீடுகளை வண்ண வண்ணமாய்த் தீட்டிய படங்கள்... மனத்தில் பட்டதைச் சொல்வதானால், அவற்றுள் பல சுற்றுலாப் பயணிகளுக்காகவே செய்யப்பட்டவை. மூன்றாவது கடைக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றின.

ஆனால் ஒரு வகை ஓவியம் என்னைப் பிடித்து நிறுத்தியது. தொலைவிலிருந்து பார்த்தால் கோட்டோவியம். யாழிசைக்கும் தாவீது அரசர். கிட்டச் சென்று கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு பார்த்தால், கோடுகளே இல்லை. எல்லாம் எழுத்துகள்! எறும்பு வரிசை போன்ற நுண்ணிய எபிரேய எழுத்துகளால் திருப்பாடல்கள் முழுவதையும் எழுதி, அந்த எழுத்து வரிகளையே வளைத்து நெளித்து உருவமாக்கியிருக்கிறார்கள். உருவ வழிபாட்டை விலக்கிய சமயத்தில், படம் வரைய விரும்பிய எழுத்தர்கள் கண்ட வழி இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, கீழே ஏரிக்கரையில் தெரியும் திபேரியாவின் படியெடுப்போர் இவ்வகையில் எழுதியுள்ளனர். நம் புலவர்களும் நாகபந்தம், இரதபந்தம் என்று சித்திரக்கவி பாடினார்கள் அல்லவா? நாம் படத்திற்குள் எழுத்தை அடைத்தோம். இவர்கள் எழுத்தைக்கொண்டே படத்தைச் செய்தார்கள். இந்தப் படத்தைத்தான் முதலில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

பிறகு படிக்கட்டைக் கடந்து இடப்புறம் வந்தேன்.

'ஓவியர் குடியிருப்பு' என்று பலகை இருந்தது. இங்கே சந்துகள் சற்று அகலம். வீடுகள் பெரியவை. அழகிய வளைவுகள், உள்முற்றங்கள், தடித்த கற்சுவர்கள். மழையாதலால் பல கூடங்கள் பூட்டியிருந்தன. முதலில் பொதுக் கண்காட்சிக் கூடத்திற்குச் சென்றேன். ஊர் ஓவியர்கள் பலரின் படைப்புகளை ஒன்றாக வைத்திருக்கும் இடம். உள்ளே நுழையுமுன் நிமிர்ந்து பார்த்தேன். குவிமாடம். பக்கத்தில் தூபி. நான் நின்றது ஒரு பள்ளிவாசலின் வாயிலில்!

உள்ளே வளைவுகளின் கீழே நீர்வண்ண ஓவியங்களும் சிலைகளும் வரிசையாக இருந்தன. நல்ல வெளிச்சம். நல்ல ஓவியங்கள் சிலவும் இருந்தன. ஆனால் என் கண் ஓவியத்தில் நிற்கவில்லை. மறுபடி மறுபடி கூரைக்கே போயிற்று. சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலும் ஜாமிஆ பள்ளிவாசலும் அருகருகே நிற்பதைப் பார்த்து வளர்ந்த கண்கள் இவை. ஒரு தொழுமிடத்துள் தொழுவோர் இல்லையென்றால், அவர்கள் எங்கே என்ற கேள்வி தானாக எழும்.

எங்கே போனார்கள்? இதற்கு விடை சொல்லச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நூற்றாண்டுகளாக இவ்வூரில் முஸ்லிம்களும் யூதர்களும் சேர்ந்தே வாழ்ந்தனர். எப்போதும் இனிதாக என்று சொல்ல முடியாது. 1834இல் யூதர் வீடுகள் சூறையாடப்பட்டன. 1837 சனவரி முதல் நாள் நிகழ்ந்த நிலநடுக்கம் இரு தரப்பையும் வாரிக்கொண்டு போனது. செங்குத்தான சரிவில் ஒரு வீட்டின் கூரையே மேல் வீட்டின் முற்றமாக இருக்குமாறு கட்டியிருந்ததால், மேலவை கீழவற்றின்மேல் சரிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பிறகு 1929 ஆகஸ்டில் நடந்த கலவரத்தில் அரபுக் கும்பல் யூதர் குடியிருப்பில் புகுந்து ஏறத்தாழ இருபது பேரைக் கொன்றது. நான் சற்றுமுன் கடந்து வந்த நீலக் கதவுச் சந்துகள் அதைக் கண்டவை.

1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கே அரபியர் பன்னிரண்டாயிரம் பேர் வரை வாழ்ந்தனர். யூதர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. ஏப்ரல் நடுவில் பிரித்தானியர் வெளியேறினர். காவல் நிலையமும் கோட்டையும் அரபியர் கைக்கு வந்தன. யூதர் குடியிருப்பு முற்றுகையில் சிக்கியது. வெளியிலிருந்து யூதப் படையினர் வந்து சேர்ந்தனர். மே மாதம் பத்தாம் நாள் இரவு தாக்குதல். அவர்களிடம் 'தவிட்கா' என்னும் நாட்டுத் தயாரிப்புச் சிறுபீரங்கி ஒன்று இருந்தது. குறி பார்த்துச் சுட உதவாத கருவி. ஆனால் அதன் ஓசை மலையையே அதிர வைத்ததாம். விடிவதற்குள் ஊர் கைமாறியது. அரபியர் குடியிருப்பு முழுவதும் காலியானது. சில நாள்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு சிரியாவுக்கும் லெபனானுக்கும் நடந்தவர்கள் திரும்பி வரவே இல்லை. வர விடப்படவும் இல்லை. அவர்களுள் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் இருந்தான். பெயர் மகமூது அப்பாஸ். பின்னாளில் பாலத்தீன அதிபரானவர் அவரே. 2012இல் இஸ்ரேலியத் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், சஃபேத்தைப் பார்க்கத் தமக்கு உரிமை உண்டு, ஆனால் அங்கே குடியிருக்க அன்று என்ற பொருள்படப் பேசினார். அவருடைய மக்களிடையே அதற்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது.

அந்தத் தவிட்கா இன்று ஒரு நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டுள்ளது. பிள்ளைகள் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

காலியான வீடுகளை அரசு எடுத்துக்கொண்டது. 1950இல் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. 'வராதோர் சொத்துச் சட்டம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிப்பவள் நான். நம் பதிவேட்டில்கூடக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு! நாட்டுக்குள்ளேயே வேறோர் ஊருக்கு ஓடியவர்களையும் அச்சட்டம் விட்டுவைக்கவில்லை. அவர்களை 'இருந்தும் வராதோர்' என்று வழங்கினர்.

1949 முதல் அவ்வீடுகளுள் பல ஓவியர்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஆண்டில் குறிப்பிட்ட காலம் அங்கேயே தங்கி, தம் கலைக்கூடத்தை மக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்பதே உடன்பாடு. மலைக்காற்று, மாலை வெயில், ஓவியத்திற்கேற்ற ஒளி. நாட்டின் முன்னணி ஓவியர்கள் வந்து குவிந்தனர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இஸ்ரேலின் ஓவியத் தலைநகரம் என்றே இவ்வூர் பெயர் பெற்றது.

இவர்கள் யார் என்று பார்த்தால்தான் கதை சிக்கலாகிறது. ஒடெசாவில் பிறந்து, பாரிசில் பயின்று, முப்பதுகளிலேயே இங்கு வந்து தங்கிய ஐசக் பிரெங்கல் இவ்வூர்த் தொழுகைக் கூடங்களை இருண்ட செம்மையும் நீலமுமாகத் தீட்டினார். அவருக்கென்று இங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மெனாகெம் ஷெமி 1948 போரில் தம் மகனைப் பறிகொடுத்தவர். அதன் பிறகு சஃபேத்தை வரைந்து, 1951இல் காலமானார். போலந்தில் பிறந்த ஆரியே மெர்சர், செப்புத் தகட்டை அடித்தடித்து, அழிந்துபோன கிழக்கு ஐரோப்பிய யூதச் சிற்றூர்களின் மாந்தரைப் புடைப்புருவங்களாக வடித்தார். மோஷே காஸ்தெல்லின் முன்னோர் ஸ்பெயினின் காஸ்தில் பகுதியிலிருந்து துரத்தப்பட்டவர்கள். குடும்பப் பெயரிலேயே இழந்த ஊர் இருக்கிறது. 1948இல் கோரசீம் என்னும் இடத்தில் பழங்காலத் தொழுகைக் கூடத்தின் கருங்கற்களில் வெட்டியிருந்த எழுத்துகளைக் கண்ட அவர், பின்னாளில் கருங்கல்லையே பொடியாக்கி வண்ணத்தோடு குழைத்து, பழைய எபிரேய எழுத்துகள் கல்வெட்டுப்போல் எழும்பி நிற்கும் படங்களைப் படைத்தார்.

யோசல் பெர்க்னரைப் பற்றி நான் அதிக நேரம் சிந்தித்தேன். வியன்னாவில் பிறந்து வார்சாவில் வளர்ந்தவர். 1937இல் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பியவர். மெல்பர்னில் இருந்தபோது, சொந்த மண்ணை இழந்து நகரத்தின் ஏழைச் சந்துகளில் ஒதுங்கிய ஆஸ்திரேலியப் பழங்குடியினரை வரைந்தார். அதைக் கவனித்து வரைந்த ஓவியர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. வார்சாவில் தம் மக்கள் அடைந்த நிலையை அவர்களிடத்தில் கண்டவர் அவர். அதே மனிதர் 1950இல் இஸ்ரேல் வந்து, சில ஆண்டுகள் சஃபேத்தின் இந்தக் குடியிருப்பில் வாழ்ந்தார். பிறர் இழந்த வீடுகளின் நடுவே!

இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பாவில் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் சாம்பலாக்கிவிட்டு வந்தவர்கள் பலர். ஆனால் அதற்காக இந்த வீடுகளைக் கட்டியவர்களை மறந்துவிடவும் மனம் வரவில்லை.

திறந்திருந்த கூடங்களுள் ஒன்று மட்பாண்டக் கலைக்கூடம். அறுபதைக் கடந்த ஓர் அம்மையார் சூட்டடுப்பின் அருகே அமர்ந்திருந்தார். வேறு ஆளில்லை. உள்ளே வரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். எந்த நாடு என்று கேட்டார். சிங்கப்பூர் என்றதும் ஆர்க்கிட் மலர்களைப் பற்றி விசாரித்தார். பேசிக்கொண்டே சுற்றிப் பார்த்தேன். பின்சுவரில், ஆள் உயரத்துக்கு, வளைவான மேற்பகுதியோடு ஒரு பெரிய மாடம் இருந்தது. அதில் பலகைகளைப் பொருத்தி நீலமும் பச்சையுமான கிண்ணங்களையும் பானைகளையும் அடுக்கியிருந்தார். நாட்டார் வீட்டுப் பூசை மாடம் போலவும் இருந்தது. ஆனால் அதற்கு மிகப் பெரிது. "இது எதற்காகக் கட்டியது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "மெத்தை வைக்க" என்றார். அரபு வீடுகளில் பகலில் படுக்கையைச் சுருட்டி இத்தகைய மாடத்தில் அடுக்கிவிடுவார்களாம். இரவில் எடுத்து விரித்தால் கூடமே படுக்கையறை. எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு மெத்தை கொள்ளும். ஏழெட்டுப் பேர் உறங்கிய வீடு.

அவருடைய தந்தையார் ருமேனியாவிலிருந்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்தவராம். முதலில் கூடார முகாமில் இருந்தார்களாம். மழைக் காலத்தில் கூடாரத்திற்குள் தண்ணீர் வரும் என்றார். "இந்த வீட்டுக்காரர்கள் யார் என்று தெரியுமா?" என்று கேட்க என் நா எழுந்தது. கேட்கவில்லை. அவரே, "இந்த மாடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பானையின் விலையைத்தான் கேட்பார்கள்" என்றார். அனுமதி பெற்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். சிறிய கிண்ணம் ஒன்றும் வாங்கினேன். வாங்கியிருக்கலாமா கூடாதா என்று காப்பிக் கடை வரும் வரை மனத்துக்குள் வழக்காடினேன். சின்னம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "நல்லா இருக்கே, உப்பு போட்டு வைக்கலாம்" என்றார். இன்றுவரை எங்கள் வீட்டில் அதில் உப்புத்தான் இருக்கிறது.

திரும்பும் வழியில் சாவிகளை நினைத்துக்கொண்டு வந்தேன். 1492இல் வெளியேறிய ஸ்பெயின் யூதர்கள், தொலேதோவிலும் கொர்தோவாவிலும் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. 1948இல் வெளியேறிய பாலத்தீனக் குடும்பங்கள் தங்கள் வீட்டுச் சாவியைக் காத்து வருவது நாம் படங்களிலேயே காண்பது. ஒரு சாவிக் கூட்டம் இவ்வூருக்குள் வந்தது. நாலரை நூற்றாண்டு கழித்து இன்னொரு சாவிக் கூட்டம் இவ்வூரிலிருந்து போனது. ஸ்பெயின் 2015இல் ஒரு சட்டம் இயற்றி, அன்று துரத்தப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தர முன்வந்தது. 523 ஆண்டுகள் ஆயின!

2020 சனவரியில் பள்ளி திறந்ததும், தொடக்கநிலை ஐந்து மாணவர்களுக்குப் படங்களைத் திரையில் காட்டினேன். எழுத்தாலான தாவீது அரசரைக் கண்டு வியந்தார்கள். ஒரு மாணவன் உடனே தன் பெயரை வைத்து மீன் வரைந்துவிட்டான். 1577, 1578 என்று வெண்பலகையில் எழுதி அச்சுக்கலை பற்றிச் சொன்னேன். நன்றாகவே போயிற்று. அடுத்து மட்பாண்டக் கூடத்தின் படம் வந்தது. மாடத்தின் பயனைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போக இருந்தேன். முன்வரிசையிலிருந்து ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"அந்த மெத்தையெல்லாம் எங்க டீச்சர்?"

தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற நாள்களில், மாணவர் கேள்வியை எதிர்கொள்ளும் முறைகள் என்று பல மணி நேரம் படித்திருக்கிறேன். அந்த நொடியில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நான் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. போர் வந்தது, அந்த வீட்டார் இரவோடிரவாகப் போய்விட்டார்கள், எடுக்க முடிந்ததை எடுத்திருப்பார்கள், மற்றவை அங்கேயே கிடந்திருக்கும் என்றேன். வந்தவர்களும் வீடிழந்தவர்களே என்றும் சொன்னேன். "மறுபடியும் வருவோம்னு நினைச்சு விட்டுட்டுப் போயிருப்பாங்களா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக அவரவர் தாத்தா பாட்டி வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் செம்பவாங்கில், பிரித்தானியக் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில், என் தந்தையார் வளர்ந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். அது இப்போது இல்லை. எங்களை யாரும் துரத்தவில்லை. வீவக வீடு கிடைத்தது. இரண்டும் ஒன்றாகா என்பதையும் சொல்லித்தான் நிறுத்தினேன்.

மறுநாள் ஒரு பெற்றோரிடமிருந்து குறிப்பு வந்தது. தமிழ்ப் பாட வேளையில் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையெல்லாம் எதற்கு, எழுத்தோவியத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று பணிவாகவே கேட்டிருந்தார். முன்னர்ச் சொன்ன தயக்கம் இதுதான். அவர் கேட்டது தவறில்லை. நம் நாட்டில் யாரும் இத்தகைய செய்திகளை எடுத்த எடுப்பில் பேசிவிடுவதில்லை. பல இனத்தார் கூடி வாழும் இடத்தில் அந்தக் கவனம் தேவைதான். நான் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். யார் பக்கம் நியாயம் என்று நான் வகுப்பில் சொல்லவில்லை என்றும், சுவரில் இருப்பது என்ன என்று பிள்ளை கேட்டபோது இல்லாததைச் சொல்ல என்னால் இயலவில்லை என்றும் சொன்னேன். அவர் முழுதும் உடன்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் மகள் வீட்டில் பாட்டியிடம் அன்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தார்.

அடுத்த சில வாரங்களில் கொவிட் வந்தது. வகுப்பறை கணினித் திரைக்கு மாறியது. நானும் எழுதாமலே இருந்துவிட்டேன்.

2024இல் அந்தச் செய்தி வந்த இரவு, பழைய கோப்புகளைத் தேடி மாடத்தின் படத்தைக் கண்டெடுத்தேன். நீலமும் பச்சையுமாக வரிசை வரிசையாய் அடுக்கிய பானைகள். அதையே அவளுக்கு அனுப்பி வைத்தேன். சற்று நேரத்தில் பதில் வந்தது.

"இதுவா டீச்சர்? எனக்குப் பானையே ஞாபகம் இல்ல. சுருட்டி வச்ச மெத்தைங்கதான் ஞாபகம் இருக்கு."